மருதமுத்துவின் பெயரில்

எங்கள் தலைக்கு மேலேதான் போகிறது அது.
கறுப்பு வயர். சுண்டுவிரல் மொத்தம்கூட இல்லை.
ஹட்டன் ஸ்டேஷன் ரோட்டுக் கம்பத்தில் ஏறி
பாலத்தடி லேனின் இருபத்தாறு தகரக் கூரைகளைத் தாண்டி
எங்கேயும் இறங்காமல்
மேட்டு ஹோட்டலுக்குப் போகிறது.
அங்கே தங்கியிருப்பவர்கள்
மூடுபனியைப் படம்பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள்.
எங்கள் அடுப்புப் புகையும் அதில் கலந்திருக்கும்.
பார்த்தவர்கள் பனியென்று நினைத்திருப்பார்கள்.

நான் பஸ் ஸ்டாண்ட் கொமினிகேஷனில் இருக்கிறேன்.
போட்டோ கொப்பி, ரீலோட், படிவம் நிரப்புதல்.
இணைப்புப் படிவத்தின் நான்காம் கட்டம் எனக்கு மனப்பாடம்:
நிரந்தர முகவரி.
அதற்குச் சான்றாக உங்கள் பெயரில் ஒரு கரண்ட் பில்.

எங்களுடையது ரயில்வே காணி.
இருபத்தாறு வீட்டுக்கு மூன்று மீட்டர்.
இரண்டு, நகரசபையின் பெயரில்.
மற்றது மருதமுத்துவின் பெயரில்.
மருதமுத்து செத்து ஒன்பது வருசம்.
பில் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது,
உயிரோடிருந்தபோது யாரும் கொடுக்காத 'திரு'வோடு.

லேனில் சிக்னல் நிற்பது ஒரே இடத்தில்,
பொதுக் கக்கூஸின் மேல்படியில்.
பவ்ஸியாவின் மகன் அல்ஜிப்ரா படித்தது அங்கேதான்,
மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு.
சவரியம்மா உதவிப்பணத்துக்குப் பதியப் போனாள்.
ஆறு இலக்கம் வரும், இரண்டு நிமிடத்துக்குள் போட வேண்டும்.
இலக்கம் வந்து சேர ஐந்து நிமிடம்.
மூன்று நாள் மழையில் ஏறி இறங்கினாள்.
நாலாம் நாள் வந்தது: 'கால எல்லை முடிந்துவிட்டது.'
அது மட்டும் உடனே வந்தது.

கருணாவதிதான் முதலில் சொன்னாள், தன் தமிழில்:
"மருதமுத்து இருக்குதானே. அவர் வேணாம் சொல்லுமா?"

கையெழுத்து நான் போட்டேன்.
பெருவிரல் மட்டுமே வைத்துப் பழகியவர்
இப்போது அழகாக எழுதுகிறார்.

கம்பெனிப் பையன் ஏணியோடு வந்தான்.
"ஐயா இல்லையா?"
"வெளியே போயிருக்காரு" என்றாள் பாக்கியம்.
சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தான்,
கையிலிருந்த படிவத்தைப் பார்த்தான்,
சிவப்பு பல்பைப் பார்த்தான்.
பிறகு ட்ரில்லை எடுத்துக்கொண்டு,
"ரவுட்டரை எங்க அடிக்க?" என்றான்.
"அவருக்குக் கீழே."
தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டான்.
அவன் பெயரைக் கேட்டு வைத்திருக்கலாம்.

அன்றிரவு இருபத்தாறு வீட்டுப் போன்களிலும்
மருதமுத்து என்று எழுத்து எழும்பியது.
உண்மையில், பத்தொன்பது வீட்டில்.
கான் ஓரத்துக் கீழ்வரிசை ஏழுக்கும் எட்டவில்லை.
அவர்களும் இருநூறு ரூபா கொடுத்திருந்தார்கள்.
"மேலே வயரு போனப்ப எல்லாரும் சேந்து கத்துனோம்.
இப்ப ஒங்க கூரையோட நின்னுருச்சு,
நாங்க யாருகிட்ட கத்துறது?"
திலகேஸ்வரி கேட்டதற்கு
மேல்வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நானும் மேல்வரிசைதான்.

பிறகு ஒரு ஏற்பாடு.
ஆறிலிருந்து எட்டுவரை படம் இல்லை, பாடம்.
கீழ்வரிசைப் பிள்ளைகள் மேலே வரும்.
பாக்கியத்தின் ஒற்றைக் காம்பராவில்
பதினொரு பிள்ளை, நாலு போன்.
ஈரச் செருப்புகள் வாசலில் குவிந்து கிடக்க
பவ்ஸியாவின் மகன் எல்லோரையும் அதட்டுகிறான்.
யாரோ திருட்டுத்தனமாகக் கிரிக்கெட் பார்க்கிறார்கள்,
அதுதான் எல்லாம் நின்று நின்று வருகிறது.
பொதுப் பணத்தில் இன்னொரு பெட்டி வாங்கலாம் என்கிறார் ரெங்கசாமி.
பொதுப் பணம் என்று ஒன்று
இந்த மாதம் இல்லை.

நேற்று கம்பெனியிலிருந்து அழைத்தார்கள்.
தேன்போல ஒரு பெண்குரல்:
"வாடிக்கையாளர் மருதமுத்துவுடன் பேசலாமா?
சேவை திருப்தியா?"
பாக்கியம் போனை வாங்கிக்கொண்டாள்.
"அவரு பேச மாட்டாரு.
கீழ்வரிசைக்கும் வயரு வேணுமின்னு
சொல்லச் சொன்னாரு."

ஒரு நிமிடம் எதுவும் கேட்கவில்லை.
விசைப்பலகை தட்டும் சத்தம்.
"சரி, முகவரி சொல்லுங்க."

அந்நேரம் பதுளை ரயில் பாலத்தில் ஏறிற்று.
தகரமெல்லாம் அதிர,
போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
பாக்கியம் என்னைப் பார்த்தாள்.
நான் நான்காம் கட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.
பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.